தலையணை மேல் இருந்த சாக்லேட்: குரூஸ் கப்பல்களில் சத்தமில்லாமல் நடக்கும் சிக்கனம்

2024-ஆம் ஆண்டில் உலகம் முழுக்க 3 கோடியே 46 லட்சம் பேர் குரூஸ் கப்பல்களில் பயணம் செய்தார்கள். கொரோனாவுக்கு முந்தைய 2019-இல் இந்த எண்ணிக்கை 2 கோடியே 97 லட்சம். இத்துறையில் மிகப் பெரிய நிறுவனமான கார்னிவல், 2024-இல் 2,500 கோடி டாலர் வருமானம் ஈட்டியது. அதன் வரலாற்றில் அதுவரை இல்லாத உச்சம் அது. கப்பல்கள் நிரம்பி வழிந்தன, பங்குகள் ஏறின.

இதே காலத்தில்தான், இருபது முப்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து கப்பல் ஏறுபவர்கள் "பழைய மாதிரி இல்லை" என்று புலம்புகிறார்கள். என்ன குறைந்தது என்று கேட்டால் சட்டென்று ஒன்றையும் சொல்ல முடிவதில்லை. சாயங்காலம் தலையணை மேல் வைத்துப் போகும் சாக்லேட்டைக் காணோம். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி இல்லை. துறைமுகத்தில் முன்பு பத்து மணி நேரம் நின்ற கப்பல் இப்போது எட்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அற்பம்.

புதிதாகச் செய்தி படிப்பவருக்குக் குழப்பம் இங்கேதான். இவ்வளவு லாபம் வரும் தொழிலில் சாக்லேட்டை ஏன் நிறுத்த வேண்டும்? பதில், இந்தத் தொழில் கணக்குப் போடும் முறையில் இருக்கிறது.

முதலில் சில சொற்கள்

1. படுக்கை-நாள். ஓட்டல்காரர்கள் அறைக் கணக்கில் பேசுவார்கள். கப்பல்காரர்கள் படுக்கைக் கணக்கில் பேசுவார்கள். ஓர் அறைக்கு இரண்டு படுக்கை என்று வைத்து, அதைக் கப்பல் ஓடும் நாட்களால் பெருக்கினால் வருவது படுக்கை-நாள். செலவு, வருமானம் எல்லாவற்றையும் இதால் வகுத்துத்தான் பார்ப்பார்கள். "எரிபொருள் தவிர்த்து, ஒரு படுக்கை-நாளுக்கு நிகரச் செலவு எவ்வளவு" என்ற ஒற்றை எண்ணைத்தான் முதலீட்டாளர்கள் ஒவ்வொரு காலாண்டும் உற்றுப் பார்க்கிறார்கள்.

2. நூறு சதவீதத்தைத் தாண்டும் நிரம்பல். அறைக்கு இருவர் என்பதே நூறு சதவீதம். மேலே மடக்குப் படுக்கையில் பிள்ளைகள் படுத்தால் அது நூற்றைத் தாண்டும். ராயல் கரீபியன் குழுமத்தின் கப்பல்கள் 2024-இல் 108 சதவீதத்துக்கு மேல் நிரம்பி ஓடின. பஃபேயில் வரிசை ஏன் நீள்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. கிராஸ் டன்னேஜ். பெயரில் டன் இருந்தாலும் இது எடை இல்லை. கப்பலின் உள்ளே அடைபட்ட இடத்தின் கொள்ளளவிலிருந்து கணக்கிடும் எண். இதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று தோராயமாகத் தெரியும்.

4. கப்பலுக்குள் வரும் வருமானம். டிக்கெட் காசு தனி. ஏறிய பிறகு மது, சூதாட்டம், இணையம், தனிக் கட்டண உணவகம், கரையில் சுற்றுலா என்று பயணி செலவழிப்பது தனி. கார்னிவலில் 2004 வாக்கில் மொத்த வருமானத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் இது. 2024-இல் மூன்றில் ஒரு பங்கு: 2,500 கோடியில் 850 கோடி டாலர்.

நான்காவது சொல்லை மறக்காமல் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

பத்து சென்ட் கணக்கு

விமானத் துறையில் ஒரு பழைய கதை உண்டு. 1980-களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டல், முதல் வகுப்புப் பயணிகளின் சாலட்டிலிருந்து ஒரே ஓர் ஆலிவ் காயை எடுக்கச் சொல்லி ஆண்டுக்கு 40,000 டாலர் மிச்சம் பிடித்தார் என்பார்கள். மேலாண்மை வகுப்புகளில் இதை இன்னும் சொல்கிறார்கள்.

கப்பலில் இந்தக் கணக்கு பல மடங்கு பெரிது. விமானப் பயணி சில மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கிப் போகிறவர். கப்பல் பயணி ஏழு நாள் தங்கி, நாளைக்கு நான்கைந்து முறை சாப்பிடுகிறவர். கார்னிவல் குழுமத்தின் எல்லாக் கப்பல்களையும் சேர்த்தால், 2024-இல் ஏறத்தாழ 10 கோடி பயணி-நாட்கள் (ஒரு பயணி ஒரு நாள் தங்கினால் அது ஒரு பயணி-நாள்). ஆளுக்கு ஒரு நாளைக்கு வெறும் 10 சென்ட் குறைத்தால் ஆண்டுக்கு 1 கோடி டாலர். ஒரு டாலர் குறைத்தால் 10 கோடி டாலர்.

சாக்லேட் எங்கே போனது என்பதற்கு இதுதான் விடை. எந்தக் குறைப்பும் ஒரு தனிப் பயணியின் கண்ணை உறுத்தும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கண்ணில் படாத அளவு சிறிதாக இருப்பதுதான் அதன் தகுதியே. சாக்லேட் இல்லையே என்று யாரும் பயணத்தை ரத்து செய்வதில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு சின்ன விஷயம். இப்படிப் பதினைந்து ஆண்டுகள் போனால், பழைய பயணியிடம் இருப்பது ஒரு நீண்ட பட்டியல். புதிய பயணிக்கு எதுவும் குறைந்ததாகவே தெரியாது.

சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். கார்னிவல் 2024-இல் உணவுப் பொருட்களுக்குச் செலவழித்தது 140 கோடி டாலருக்கு மேல். பயணி-நாளால் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 14, 15 டாலர். மூன்று வேளை, நடுநடுவே பீட்சா, ஐஸ்கிரீம், இரவு மூன்று பகுதிகளாகப் பரிமாறும் விருந்து எல்லாம் இந்தப் பணத்துக்குள்தான். மொத்தக் கொள்முதலின் சாமர்த்தியம் என்றே சொல்ல வேண்டும். அதே ஆண்டு எரிபொருளுக்கு ஆனது சுமார் 200 கோடி டாலர். தட்டில் இருப்பதைவிடப் புகைபோக்கி வழியே போவது அதிகம். சாப்பாட்டைப் பற்றித்தான் எல்லாரும் குறை சொல்கிறார்கள், பெரிய மிச்சம் பிடிப்பதோ எஞ்சின் அறையில் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

டிக்கெட் விலையை நேராக ஏற்றினால் என்ன?

ஏற்றலாம். 2023-க்குப் பிறகு ஏற்றியும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன் நெடுங்காலம் இந்தத் தொழில் விலையை ஏற்றப் பயந்தது. அமெரிக்காவின் நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி, 1990-இல் 1,000 டாலருக்கு வாங்கியதை 2024-இல் வாங்க சுமார் 2,400 டாலர் வேண்டும். குரூஸ் கப்பலின் மலிவான உள்ளறை டிக்கெட் அந்த வேகத்தில் ஏறவே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய டாலர் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே பல முறை விற்றிருக்கிறது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் அடிப்படை டிக்கெட் மலிவானது என்பதுதான் உண்மை.

மலிவாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. காலிப் படுக்கையோடு கிளம்பிய கப்பலுக்கு அந்த வருமானம் போனது போனதுதான். கப்பல், எண்ணெய், ஊழியர் என்று செலவில் பெரும்பகுதி, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆகிவிடும். அதனால் எப்படியாவது ஆளை ஏற்றிவிட்டு, ஏறிய பிறகு அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்வது லாபம். தேடுதளங்களில் பயணிகள் முதலில் பார்ப்பதும் அந்த முதல் எண்ணைத்தான். முதல் எண் சிறிதாக இருக்க வேண்டுமானால், அதற்குள் அடங்கியிருந்தவை ஒவ்வொன்றாக வெளியே வர வேண்டும்.

பிஸ்கட் பாக்கெட் விலை மாறாமல் கிராம் மட்டும் குறைவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கப்பலில் கிராம் அச்சடித்த உறை கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கெங்கே குறைந்தது

*1. அறை*

முன்பு அறைப் பணியாளர் நாளைக்கு இரண்டு முறை வருவார். காலையில் சுத்தம் செய்வார். மாலையில் படுக்கையைப் பிரித்துத் தயார் செய்து, சாக்லேட் வைத்து, துண்டை யானையாகவோ குரங்காகவோ மடித்து வைத்துப் போவார். கார்னிவல் கொரோனாவுக்கு முன்பே காலை அல்லது மாலை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டது. நார்வீஜியன் என்ற இன்னொரு பெரிய குரூஸ் நிறுவனமும் ராயல் கரீபியனும் 2023-இல் சாதாரண அறைகளுக்கு ஒரு முறை என்று குறைத்தன. உயர்விலை சூட் அறைகளுக்கு மட்டும் இரண்டு முறை தொடர்ந்தது.

இதில் மிச்சமாவது சோப்பும் சாக்லேட்டும் மட்டுமில்லை. ஒருவரே கூடுதல் அறைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் பெரிய மிச்சம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஊழியருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். அந்த வரம்புக்குள் எத்தனை அறை அடங்கும் என்பதுதான் மேலாளரின் கணக்கு.

*2. மேசை*

நள்ளிரவு பஃபே ஒரு காலத்தில் குரூஸ் பயணத்தின் அடையாளமாகவே இருந்தது. பனிக்கட்டியில் செதுக்கிய அன்னம், பழத்தில் வெட்டிய பூக்கள், அதைப் படம் பிடிக்க ஒரு கூட்டம். பெரும்பாலான கப்பல்களில் அது எப்போதோ போய்விட்டது. மேசைத் துணி அடுத்தது: கார்னிவல் 2010-களின் நடுவில் கொண்டுவந்த புதிய உணவக ஏற்பாட்டில், சாதாரண இரவுகளுக்குத் துணி கிடையாது. துணி இல்லையென்றால் சலவை இல்லை. சலவை இல்லையென்றால் வெந்நீர், மின்சாரம், ஆள் எதுவும் வேண்டாம்.

ராயல் கரீபியன் 2023-இல் முதன்மை உணவகத்தின் பட்டியலையே மாற்றியது. ஒவ்வோர் இரவுக்கும் ஒரு கருப்பொருள் வந்தது. தினமும் கிடைத்துக்கொண்டிருந்த வழக்கமான பதார்த்தங்களின் பட்டியல் சுருங்கியது. சாப்பாடு சீக்கிரம் முடியும் என்பது நிறுவனம் சொன்ன காரணம். அது பொய்யில்லை. பட்டியல் சுருங்கினால் சமையலறையில் முன்தயாரிப்பு குறையும், மிச்சமாகிக் கொட்டுவது குறையும், ஒரே மேசையில் இரண்டு பந்தி வைப்பதும் எளிதாகும். பயணிக்கு வேகம் என்பதும் நிறுவனத்துக்கு மிச்சம் என்பதும் இங்கே ஒரே விஷயத்தின் இரண்டு பெயர்கள்.

அதே ஆண்டு தொடக்கத்தில் கார்னிவல் இன்னொன்று செய்தது. இரவு உணவில் முதன்மைப் பதார்த்தம் இரண்டு வரை இலவசம், மூன்றாவதற்கு 5 டாலர். உணவு வீணாவதைத் தடுக்க என்று சொன்னார்கள். பந்தியில் உட்கார்ந்தவர் மூன்றாம் முறை சாம்பார் கேட்டால் பில் நீட்டுவது போலத்தான் இருக்கிறது. ஆனாலும் மூன்று தட்டு வாங்கி இரண்டரையை அப்படியே வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். கணக்கு ஒரு பக்கம். இந்த 5 டாலர் "எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்ற பழைய வாக்குறுதிக்கு ஓர் எல்லை போட்டது. பழைய பயணிகளுக்கு உறுத்தியது அதுதான்.

*3. கட்டணம்*

டிக்கெட்டுக்குள் இருந்ததை வெளியே எடுத்து விலை ஒட்டுவதும் செலவுக் குறைப்பின் ஒரு வகைதான். 2015-இல் நார்வீஜியன் அறைக்கு உணவு கொண்டுவர ஒரு முறைக்கு 7.95 டாலர் என்று கட்டணம் வைத்தது. காலைக் காபிக்கும் எளிய சிற்றுண்டிக்கும் மட்டும் விலக்கு. 2017-இல் ராயல் கரீபியனும் அதே 7.95 டாலர் வைத்தது. ஒரு நிறுவனம் துணிந்து செய்து அடி வாங்காமல் தப்பித்துவிட்டால், மற்றவை ஓரிரு ஆண்டில் பின்னாலேயே வந்துவிடும். இத்துறையில் திரும்பத் திரும்ப நடப்பது இது.

டிப்ஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். முன்பு பயணத்தின் கடைசி இரவில் உறைகளில் பணம் போட்டு, பரிமாறியவருக்கும் அறைப் பணியாளருக்கும் கையில் கொடுப்பார்கள். இப்போது ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறிவிடுகிறது. 2023-இல் நார்வீஜியன் சாதாரண அறைகளுக்கு இதை 20 டாலர் ஆக்கியது, கார்னிவல் 14.50-இலிருந்து 16 டாலருக்கு ஏற்றியது. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஏழு நாள் போனால், கார்னிவல் கணக்கில் 448 டாலர், நார்வீஜியன் கணக்கில் 560 டாலர். நன்றிக்காகக் கொடுக்கும் பணம் என்று பெயர். உண்மையில் சம்பளச் செலவின் ஒரு பகுதி டிக்கெட்டிலிருந்து பிரிந்து இன்னொரு வரியில் உட்கார்ந்திருக்கிறது.

இதில் சட்டமும் ஒரு முறை கை வைத்தது. 2024 ஜூலையிலிருந்து கலிபோர்னியா மாநிலச் சட்டம், கட்டாயக் கட்டணங்களை எல்லாம் சேர்த்தே விலையை விளம்பரப்படுத்த வேண்டும் என்றது. பெரிய நிறுவனங்கள் அமெரிக்கா முழுக்கவே துறைமுகக் கட்டணங்களைச் சேர்த்து விலை காட்டத் தொடங்கின. டிப்ஸ் மட்டும் அதற்குள் வரவில்லை. கேட்டால் எடுத்துவிடலாம் என்பதால் அது "கட்டாயம்" ஆகாது.

*4. மேடை*

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நேரடி இசைக்குழுவின் இடத்தில் பல கப்பல்களில் பதிவு செய்த இசையும் பெரிய எல்.இ.டி. திரையும் வந்துவிட்டன. திரைக்குச் சம்பளம் இல்லை, அறை வேண்டாம், விடுப்பில் ஊருக்குப் போக விமான டிக்கெட் எடுத்துத் தர வேண்டாம். அறைக் கதவில் செருகிவைக்கும் அன்றாட நிகழ்ச்சித் தாள் கைபேசிச் செயலிக்குப் போனது. காகிதம் மிச்சம், மரம் மிச்சம் என்ற வாதம் சரிதான், அச்சுச் செலவும் மிச்சம்.

*5. கடல்*

பெரிய மிச்சம் இங்கே. பயணிகள் கண்ணில் மிகக் குறைவாகப் படுவதும் இதுதான்.

கப்பலை நகர்த்தத் தேவையான திறன், தோராயமாக வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப ஏறும். 20 நாட் வேகத்திலிருந்து (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) 18 நாட் வேகத்துக்கு இறங்கினால், வேகம் 10 சதவீதம்தான் குறைகிறது, திறன் தேவையோ 27 சதவீதம் குறைகிறது. மெதுவாகப் போவதால் அதிக நேரம் ஓட வேண்டியிருக்கும். அதையும் சேர்த்தால் அதே தூரத்துக்கு உந்து எரிபொருளில் 19 சதவீதம் மிச்சம். எண்ணெய்ச் செலவு ஆண்டுக்கு 200 கோடி டாலராக இருக்கும் நிறுவனத்தில் இது என்ன தொகை என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த மிச்சத்துக்கு விலை யார் கொடுப்பது? 400 கடல் மைல் தூரத்தை 20 நாட் வேகத்தில் 20 மணி நேரத்தில் கடக்கலாம். 18 நாட் என்றால் 22 மணி நேரத்துக்கு மேல். அந்த இரண்டு மணி நேரம் துறைமுகத்தில் நிற்கும் நேரத்திலிருந்துதான் கழியும். காலை 7 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்பிய கப்பல், 8 மணிக்கு வந்து 5 மணிக்கே கிளம்பும். சீக்கிரம் கிளம்பினால் இரவுச் சாப்பாடும் மதுவும் கரையில் நடக்காமல் கப்பலுக்குள் நடக்கும், சூதாட்டக் கூடமும் முன்கூட்டியே திறக்கும். எந்தப் பக்கம் பார்த்தாலும் நிறுவனத்துக்கு வரவு.

தனித் தீவுகளின் பெருக்கமும் இதோடு சேர்ந்ததே. 1886-இல் வந்த ஓர் அமெரிக்கச் சட்டம், வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அங்கேயே திரும்பி வந்தால், நடுவில் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றையாவது தொட வேண்டும் என்கிறது. குரூஸ் கப்பல்களில் பெரும்பாலானவை பகாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா கொடிகளில்தான் ஓடுகின்றன. ஃபுளோரிடாவுக்குப் பக்கத்திலேயே பகாமாஸில் சொந்தத் தீவு இருந்தால் சட்டமும் நிறைவேறும், எண்ணெயும் மிச்சம், கரையில் பயணி செலவழிப்பதும் வெளியே போகாது. நார்வீஜியன் 1977-இலேயே கிரேட் ஸ்டிரப் கே தீவை எடுத்தது. ராயல் கரீபியன் 25 கோடி டாலர் போட்டு கோகோ கே தீவை 2019-இல் புதுப்பித்துத் திறந்தது. அங்கே நீச்சல் குளம் இலவசம், நீர் விளையாட்டுப் பூங்காவுக்குத் தனிக் கட்டணம். கார்னிவல் 2025 ஜூலையில் கிராண்ட் பகாமா தீவில் செலிபிரேஷன் கீயைத் திறந்தது. எரிபொருள் மிச்சம் அதன் நோக்கங்களில் ஒன்று என்று நிறுவனமே முதலீட்டாளர்களிடம் சொன்னது. பயணிகளுக்கான விளம்பரத்தில் அந்த வரி இருக்காது.

எரிபொருள் நெருக்கடி விதிகளாலும் கூடியது. 2020 ஜனவரியிலிருந்து கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதத்துக்குப் பதில் 0.5 சதவீதம் மட்டுமே அனுமதி, இல்லையென்றால் புகையைக் கழுவும் கருவி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் கார்பன் வெளியேற்றத்துக்குப் பணம் கட்டச் சொல்கிறது: 2024-இன் வெளியேற்றத்தில் 40 சதவீதத்துக்கு, 2025-இல் 70, 2026-இலிருந்து முழுவதற்கும்.

கொரோனாக் கடன்

சிக்கனம் புதிதல்ல என்றால், 2022-க்குப் பிறகு ஏன் எல்லாம் ஒரேயடியாகக் கண்ணில் பட்டது? 2020 மார்ச்சில் கப்பல்கள் நின்றன. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து மறுபடி பயணிகளோடு கிளம்ப 2021 ஜூன் ஆனது. வருமானமே இல்லாமல் ஓராண்டுக்கு மேல் கப்பல்களை வைத்துப் பராமரிக்க வேண்டியிருந்தது. கார்னிவல் 2020-இல் 1,020 கோடி, 2021-இல் 950 கோடி, 2022-இல் 610 கோடி டாலர் நட்டம் கண்டது. பிழைத்திருக்க 2020 ஏப்ரலில் 11.5 சதவீத வட்டிக்குக் கடன் பத்திரம் விற்றது. கடன் உச்சத்தில் 3,500 கோடி டாலரைத் தாண்டியது.

விளைவு வட்டியில் தெரிந்தது. 2019-இல் கார்னிவல் கட்டிய வட்டி சுமார் 20 கோடி டாலர். 2023-இல் 200 கோடிக்கு மேல். பயணி-நாளால் வகுத்தால், 2019-இல் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு டாலர் சொச்சம், 2023-இல் சுமார் 22 டாலர். அந்த ஆண்டு பயணியின் ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஆனதைவிட, அவர் தலைக்கு வங்கிக்காரருக்குப் போனது அதிகம். மூன்றாவது தட்டுக்கு 5 டாலர் வந்ததும் அதே ஆண்டுதான்.

நார்வீஜியனும் 2024 முதல் 2026 வரை 30 கோடி டாலருக்கு மேல் செலவைக் குறைப்பதாக முதலீட்டாளர்களுக்கு இலக்குச் சொன்னது. கடன் இறங்கி லாபம் திரும்பியிருக்கிறது. 2024-இல் கார்னிவலுக்கு 190 கோடி, ராயல் கரீபியனுக்கு 290 கோடி டாலர் நிகர லாபம். நெருக்கடியில் எடுத்தவை திரும்ப வந்தனவா என்றால், பெரும்பாலும் இல்லை. ஒரு முறை படுக்கை-நாள் செலவு இறங்கிவிட்டால், அடுத்த ஆண்டு அதுவே தொடக்கப் புள்ளி. சாக்லேட்டைத் திரும்ப வைத்தால் அது "செலவு உயர்வு" என்று அறிக்கையில் வரும்.

எல்லாமே குறைந்ததா?

இல்லை. பழைய பயணிகளின் நினைவை முழுக்க நம்பவும் முடியாது.

1988-இல் வந்தபோது மாபெரும் கப்பலாகப் பேசப்பட்ட சாவரின் ஆஃப் தி சீஸ் சுமார் 73,000 கிராஸ் டன், அறைக்கு இருவர் கணக்கில் 2,278 பயணிகள். ஆளுக்கு 32. 2024-இல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663 கிராஸ் டன், 5,610 பயணிகள். ஆளுக்கு 44. நெரிசல் என்று புலம்பும் கப்பலில் உண்மையில் இடம் கூடியிருக்கிறது. ஆனால் கூடிய இடத்தில் கணிசமான பகுதி தனிக் கட்டண உணவகம், மதுக்கூடம், கடை, சூட் அறைக்காரர்களுக்கு மட்டுமான தளம் என்று போயிருக்கிறது. சாதாரணப் பயணி நடமாடும் இடம் அதே அளவு கூடவில்லை.

பால்கனி இன்னொன்று. அந்தக் காலக் கப்பல்களில் மிகச் சில அறைகளுக்கே பால்கனி இருந்தது. இன்றைய பெரிய கப்பல்களில் பெரும்பாலான அறைகளுக்கு உண்டு. அவசரகாலப் பயிற்சியும் மாறிவிட்டது. முன்பு எல்லாரையும் வெயிலில் அரை மணி நேரம் நிறுத்துவார்கள். 2020-இல் ராயல் கரீபியன் தொடங்கிய முறையில், கைபேசியில் காணொளியைப் பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்குப் போய்த் தலை காட்டினால் போதும். ஆள்நேரம் மிச்சமானது, யாரும் குறை சொல்லவில்லை.

தனிக் கட்டண உணவகமும் நம் காலத்துக் கண்டுபிடிப்பில்லை. 1912-இல் டைட்டானிக்கின் முதல் வகுப்பிலேயே காசு கொடுத்துச் சாப்பிடும் தனி உணவகம் இருந்தது; முழுப் பயணமும் அங்கேயே சாப்பிடுவதாக முன்பதிவு செய்தால் டிக்கெட்டில் தள்ளுபடி கொடுத்தார்கள். இன்று அந்தத் தள்ளுபடியை யாரும் தருவதில்லை.

வெட்டக் கூடாத இடத்தில் வெட்டினால்

சாக்லேட்டும் மேசைத் துணியும் போனால் முகம் சுளிப்போடு முடிந்துவிடும். எஞ்சின் அறையில் சிக்கனம் அப்படியில்லை.

கரீபியன் பிரின்சஸ் என்ற கப்பலில் எண்ணெய் கலந்த கழிவு நீரைச் சுத்திகரிப்புக் கருவியைத் தவிர்த்துக் கடலில் விட, ஒரு திருட்டுக் குழாய் பொருத்தியிருந்தார்கள். கழிவைத் துறைமுகத்தில் இறக்கினால் கட்டணம். கருவியைச் சரியாக ஓட்டினாலும் செலவு. 2013-இல் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பொறியாளர் காட்டிக்கொடுத்தார். கார்னிவல் குழுமத்தைச் சேர்ந்த பிரின்சஸ் நிறுவனம் 2016-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம் கட்டியது. நன்னடத்தைக் கண்காணிப்பின் விதிகளை மீறியதற்காக 2019-இல் மேலும் 2 கோடி டாலர் கட்ட வேண்டிவந்தது.

கார்னிவல் டிரையம்ஃப் கதை 2013 பிப்ரவரியில் நடந்தது. எரிபொருள் குழாயில் கசிவு, எஞ்சின் அறையில் தீ, மின்சாரம் போய் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் மெக்சிகோ வளைகுடாவில் மாட்டிக்கொண்டார்கள். கழிப்பறைகள் வேலை செய்யவில்லை. நான்கு நாள் கழித்து இழுவைப் படகுகள் கப்பலை அலபாமாவின் மொபைல் துறைமுகத்துக்கு இழுத்து வந்தன. அதற்குப் பிறகு மாற்று மின்சாரத்துக்கும் தீத்தடுப்புக்கும் சுமார் 30 கோடி டாலர் திட்டத்தை நிறுவனம் அறிவித்தது. பத்து சென்ட் கணக்கில் சொன்னால், முப்பது ஆண்டுகளின் மிச்சம்.

யாருக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை

அண்மை ஆண்டுகளில் ஏறியவர்களில் கால்வாசிக்கு மேல் முதல் முறைப் பயணிகள். அவர்களுக்கு ஒப்பிட எதுவும் இல்லை. அறைக்கு ஒரு முறை வந்தால் ஒரு முறைதான், துணியில்லாத மேசை என்றால் மேசை அப்படித்தான். பழைய பயணிக்குத் தெரிகிறது, ஆனால் அவர் பெரும்பாலும் விசுவாச அட்டையின் புள்ளிகளையும் சலுகைகளையும் விட மனமில்லாமல் அதே நிறுவனத்தில் மறுபடி ஏறுகிறார். குறைப்பைக் கண்டுபிடிக்கும் ஆளைத் தக்கவைப்பதுதான் நிறுவனத்துக்கு எளிது என்பது இதில் ஒரு வேடிக்கை.

மூன்றாவது வகையினர் காசுக்காரர்கள். எம்.எஸ்.சி. என்ற குரூஸ் நிறுவனத்தின் யாட் கிளப், நார்வீஜியனின் ஹேவன் போன்றவை கப்பலுக்குள் இன்னொரு கப்பல்: தனி நீச்சல் குளம், தனி உணவகம், தனிப் பணியாளர். 2015-இல் அறை உணவுக்குக் கட்டணம் வந்தபோது ஹேவன் அறைகளுக்கு அது கிடையாது. 2023-இல் மாலைச் சேவை போனபோது அவர்களுக்குப் போகவில்லை. சேவை கப்பலை விட்டு இறங்கிவிடவில்லை. விலை கூடிய தளத்துக்கு மேலே ஏறிப்போய்விட்டது. பழைய கடல் கடக்கும் கப்பல்களில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று வாசலிலேயே பிரித்தார்கள். 1970, 80-களின் குரூஸ் கப்பல்கள் எல்லாருக்கும் ஒரே உணவகம் என்று பெருமையாக விளம்பரம் செய்து அதை ஒழித்தன. இப்போது அறை அட்டையின் நிறம் அந்த வேலையைச் செய்கிறது.

சென்னையிலிருந்து ஏறியவர்கள் பார்த்த கப்பல்

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் கிளம்பியபோது நம்மூரில் பெரிய செய்தி. அடுத்த ஆண்டு அது இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் போனது. அந்தக் கப்பல் 1990-இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியனுக்காகப் பிரான்சில் கட்டப்பட்டது. ஃபுளோரிடாவிலிருந்து பகாமாஸுக்கு மூன்று, நான்கு இரவு சுற்றிவர என்றே வடிவமைத்தது. பால்கனி உள்ள அறைகள் மிகக் குறைவு, அறைகள் சிறியவை. அது கட்டப்பட்ட காலத்தில் நள்ளிரவு பஃபேயும் மேசைத் துணியும் டிக்கெட்டுக்குள் இருந்தன, இன்று பெரும்பாலான அறைகளுக்கு இருக்கும் பால்கனி அன்று மிகச் சிலருக்கே.

இனி ஏதேனும் ஒரு பயணத்தின் விலையை ஒப்பிட நினைப்பவர் விளம்பர எண்ணை ஓரமாக வைத்துவிட்டு நான்கைப் பார்த்தால் போதும்:

1. சேவைக் கட்டணத்தை ஆள், நாள் கணக்கில் பெருக்கிச் சேர்த்தால் வரும் தொகை.
2. ஒவ்வொரு துறைமுகத்திலும் நிற்கும் மணி நேரம். அதில் எத்தனை நிறுவனத்தின் சொந்தத் தீவு என்பதும்.
3. காசில்லாமல் சாப்பிடக் கூடிய இடங்கள் எத்தனை, அவை எத்தனை மணி வரை திறந்திருக்கும்.
4. மதுவுக்கு மொத்தமாகப் பணம் கட்டும் திட்டத்தை (டிரிங்க்ஸ் பேக்கேஜ்) ஒருவர் வாங்கினால் அறையில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் வாங்கியாக வேண்டுமா என்ற விதி. குடிக்காத மனைவிக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு, கப்பல் ஏறிய பிறகு தகராறு செய்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் இருக்கிறார்கள்.